கங்கைக் கரையில் ஒரு வாழைக்கன்று

"அப்பா, எழுந்திரிங்க. இப்பப் போனாத்தான் வாழைக்கன்னு குளிக்கிறதைப் பார்க்கலாம்."

மகள் எழுப்பியபோது மணி நாலரை. கல்கத்தாவில் பொழுது நமக்கு முன்னால் விடிந்துவிடும். அக்டோபரிலும் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. வாசல் விளக்கைப் போட்டதும் முற்றம் முழுக்க வெள்ளையாக எதையோ கொட்டி வைத்ததுபோல் இருந்தது. குனிந்து ஒன்றை எடுத்தேன். பவழமல்லி. வெள்ளை இதழ், குங்குமப்பூ நிறத்தில் காம்பு. ராத்திரி மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடுகிற பூ. இங்கே இதை ஷியூலி என்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு மரம் உண்டு. ஆனால் இந்தப் பூவை ஒரு பருவத்தின் பெயரோடு சேர்த்து நான் நினைத்ததே இல்லை. வங்காளிக்கு ஷியூலி உதிர்ந்தால் சரத் காலம் வந்துவிட்டது, துர்க்கைத் தாய் வரப்போகிறாள் என்று பொருள்.

மகள் பாக்பஜாரில் ஒரு பழைய வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடமே பூஜைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். சம்பா நடவு இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். இந்த வருடம் மாயவரத்திலிருந்து சென்னை வந்து ஹவுரா மெயில் ஏறிவிட்டேன். கரக்பூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்து ஓரம், குட்டைக்கரை, வயல் வரப்பு எல்லாம் நாணல் பூத்துக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று ஆள் உயரத்துக்கு. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து மறுபடி நிமிரும். எதிர் சீட்டுக்காரர் ஜன்னலைக் காட்டி "காஷ் பூல்" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் சிரித்தார். ஊருக்குத் திரும்புகிறவரின் சிரிப்பு அது.

நமக்கும் ஆறு பருவம் உண்டு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். நம் கணக்கில் இந்த நாள்கள் மழையின் நாள்கள். வங்காளத்தில் பாத்ரமும் ஆஸ்வினமும் சரத். மழை விலகி, வானம் துடைத்த மாதிரி நீலமாகி, பஞ்சுப் பொதிபோல் மேகம் நகர்கிற காலம். அவர்களுக்கு மழை விடைபெறுகிற சமயத்தில்தான் நமக்கு மழை புறப்படுகிறது. தென்மேற்குக் காற்று ஓய்ந்து வடகிழக்கிலிருந்து காற்று திரும்புகிறது. நிலத்தின்மேல் வறண்டு வருகிற அந்தக் காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் கொட்டுகிறது. கல்கத்தாவின் நீல வானத்தையும் மாயவரத்தின் அடைமழையையும் கொண்டுவருவது ஒரே காற்றின் திருப்பம்தான். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். பாக்பஜார் படித்துறையில் நின்று அந்தக் காற்று முகத்தில் படும்போதுதான் எனக்கு உறைத்தது.

படித்துறையில் ஏற்கெனவே நாலைந்து கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு டாக் அடிப்பவர்கள். நம் தவிலைவிடப் பெரிய மேளம். பின்பக்கம் வெள்ளை இறகுக் குஞ்சம் கட்டி, தோளில் மாட்டி, மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள். கூடவே ஒரு சிறுவன் காசரை, அந்த வெண்கலத் தட்டை, தட்டுகிறான். பூஜைக்கு முன்பு வங்கத்துக் கிராமங்களிலிருந்து இவர்கள் ரயிலேறி வந்து சியால்தா ஸ்டேஷன் வாசலில் கூடி நின்று வாசிப்பார்களாம். பூஜைக் கமிட்டிக்காரர்கள் கேட்டுப் பார்த்து, பேசி, அழைத்துப் போவார்கள். மேளத்தின் அதிர்வு காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது.

பிறகு அது வந்தது. ஒரு பூசாரி, இளந்தாரி, வாழைக்கன்றைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார். அவர் தலைக்குமேல் ஒருவர் குடை பிடித்தார். வாழையோடு வேறு செடிகளும் சேர்த்துக் கட்டியிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன். விவசாயிக்குச் செடியை அடையாளம் காட்ட யாரும் வேண்டாம். சேம்பு, மஞ்சள், வில்வக் கிளை, மாதுளை, அசோகம், இன்னொரு பெரிய இலைச் சேம்பு, ஒரு கொத்து நெற்கதிர். ஒன்று மட்டும் சற்றுக் குழப்பியது. இலையைத் தடவிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, சித்தகத்தி. இங்கே ஜயந்தி. ஒன்பதையும் வெள்ளைச் சங்குப்பூக் கொடியால் சுற்றியிருந்தார்கள். நவபத்ரிகை. எங்கள் கொல்லையிலும் வயலிலும் வரப்பிலும் முளைக்கிற அத்தனையும் ஒரே கட்டாக, ஒரு தெய்வமாக.

ஆற்றில் முக்கி எடுத்து, கரையேற்றி, சிவப்புக்கரை போட்ட வெள்ளைப் புடவையை அதற்குச் சுற்றினார்கள். வாழையின் நுனி இலை மடங்கித் தொங்கியது. அதன்மேல் முக்காடு. அவ்வளவுதான், இமைக்கிற நேரத்தில் அது தலைகுனிந்து நிற்கிற புதுப்பெண் ஆகிவிட்டது. கூட்டத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். நம் குலவையேதான். அவர்கள் வாயில் அது உலு.

"இவங்க பேரு கலா பௌ. வாழைப் பொண்டாட்டி" என்றாள் மகள். "யாருக்குப் பொண்டாட்டி தெரியுமா? பிள்ளையாருக்கு."

நான் நின்றுவிட்டேன். நம் பிள்ளையார் பிரம்மசாரி. அம்மாவைப்போல் பெண் வேண்டும் என்று சொல்லி, குளிக்க வருகிறவர்களில் அப்படி யாராவது உண்டா என்று ஆற்றங்கரை அரசமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று நம் பாட்டிகள் சொன்ன கதை. இங்கே அவருக்குப் பக்கத்தில் சேலை கட்டி ஒரு வாழையை நிறுத்தி மனைவி என்கிறார்கள். மாறாக, வள்ளி தெய்வானையோடு நாம் கும்பிடுகிற முருகன் இங்கே மீசை முறுக்கிய கல்யாணமாகாத அழகன். அண்ணனும் தம்பியும் ஊர் மாறியதில் வீட்டு நிலவரம் மாறிவிட்டது.

அதைவிட ஒன்று. நவபத்ரிகை பிள்ளையாரின் மனைவி என்பது வீட்டுப் பேச்சு. சாஸ்திரம் அறிந்தவர்கள் அது ஒன்பது செடிகளில் இறங்கிய துர்க்கையேதான் என்கிறார்கள். அப்படியானால் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிற்பது அவருடைய அம்மா. அம்மாவைப்போல் ஒருத்தி கிடைப்பாளா என்று காவிரிக்கரையில் காத்திருக்கிறவருக்கு, கங்கைக்கரையில் அம்மாவே வந்து பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு கதைகளும் ஒன்றை ஒன்று அறியாமல் இத்தனை நூற்றாண்டு இருந்திருக்கின்றன. அந்தக் காலை முழுக்க இதையே நினைத்து நினைத்து சந்தோஷப்பட்டேன்.

நானும் இறங்கி முங்கினேன். தண்ணீர் கலங்கலாக, இதமாக இருந்தது. ஐப்பசி பிறக்கச் சில நாள்களே இருந்தன. துலா மாதம் முழுக்கக் கங்கை தன் பாவத்தைக் கழுவ மாயவரம் துலாக்கட்டத்துக்கு வந்து காவிரியில் குளிக்கிறாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இவள் அங்கே புறப்படுவதற்குள் நான் வந்து பார்த்துவிட்டேன்.

குளித்த ஈரத்தோடு ஒரு மூலைக்கடையில் கசோரி. பெருங்காய வாசனை அடிக்கிற சின்னப் பூரி, உள்ளே அரைத்த உளுந்து. தோலோடு நறுக்கிய உருளைக்கிழங்குக் குழம்பைத் தையல் இலைக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். நாலு தின்ற பிறகு ஜிலேபி. நம் ஊரதைவிட மெலிசு, கொஞ்சம் புளிப்பு. அப்புறம் மண் குவளையில் டீ. குவளைக்கு பாட் என்று பெயர். சூடான டீ பட்டதும் சுட்ட மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. கோடை கழிந்து முதல் மழை விழுந்த வயலின் வாசனை. டீயைவிட அதற்காகவே இரண்டாவது குவளை வாங்கினேன். குடித்துவிட்டுத் தொட்டியில் போடும்போது அது 'டப்' என்று உடைந்தது மட்டும் மனதுக்கு ஒப்பவில்லை. ஒரு குயவர் சக்கரத்தில் இழுத்த பொருள். ஆற்று மண் ஆற்றங்கரைக்கே திரும்புகிறது என்று மகள் சமாதானம் சொன்னாள்.

அங்கிருந்து குமார்துலி நடந்துபோகிற தூரம். துர்க்கை சிலை செய்கிற குயவர் தெரு. படங்களில் பார்த்திருந்தேன்: சந்து முழுக்கப் பத்துக் கை தேவிகள், உலராத களிமண், கண் எழுதாத முகங்கள். நாங்கள் போனபோது தெரு காலி. அன்று சப்தமி, சிலைகள் இருக்குமா? எல்லாத் தாய்களும் அவரவர் பந்தலுக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மண்டபம் போல வைக்கோல் துணுக்கு, காய்ந்த வண்ணம், அறுந்த சணல். ஆனாலும் வேலை நின்றபாடில்லை. ஓர் ஓலைக் கொட்டகையில் வரிசையாக வைக்கோல் உருவங்கள், இன்னும் தலையில்லை. பௌர்ணமிக்கு லட்சுமி பூஜை, அமாவாசைக்குக் காளி. ஒரு பெரியவர் இரண்டு மண்ணைக் கலந்து பிசைந்துகொண்டிருந்தார். ஒன்று ஒட்டும் களி. அது உடம்பைப் பிடித்து நிறுத்தும். இன்னொன்று மணல் கலந்த மண், வெடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கட்டைவிரலால் ஒரு முழங்காலை உருட்டி எடுத்தார். ஒரு தடவை அழுத்தினார், எலும்பு வந்தது. பக்கத்தில் ஒரு தடவை வழித்தார், தசை வந்தது. நாங்கள் அரைமணி நேரம் நின்றோம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்காரம்மாவை மகள் மாஷிமா என்கிறாள். தாயின் உடன்பிறந்தவள், நம் சித்தி மாதிரி. மத்தியானம் அவருடன் தெருப் பந்தலில் போக் என்கிற பிரசாதம் சாப்பிட உட்கார்ந்தோம். கிச்சடிதான் பிரதானம். வறுத்த பாசிப்பருப்பும் கோவிந்தபோக் என்கிற பொடி வாசனை அரிசியும். கூட லாப்ரா என்கிற கலவைக் காய்க்கூட்டு, கத்திரிக்காய் பஜ்ஜி, தித்திப்பான தக்காளிச் சட்னி, பாயசம். வெங்காயம், பூண்டு கிடையாது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். தெருப் பையன்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினார்கள். எங்கள் ஊர் திருவிழாப் பந்தி நினைவுக்கு வந்தது. நெய் விட்டு இறக்கிய வெண்பொங்கலுக்கும் இதற்கும் உறவுமுறை இருக்க வேண்டும்.

மாஷிமாவுடைய பெண் புனேயில் இருக்கிறாள். இந்த வருடம் லீவு கிடைக்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு அவர் பந்தலுக்குள்ளே காட்டினார். ஒரே சட்டத்துக்குள் அம்மா, இரண்டு பெண்கள், இரண்டு பிள்ளைகள், சிங்கம், மகிஷன். கிரீடமும் நகையும் வெள்ளி ஜிகினா. "வருஷத்துக்கு ஒருதரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருகிற பெண் இவள்" என்றார், மகள் மொழிபெயர்த்தாள். "இவள் கையில் ஆயுதம் இருக்கிறது, அசுரனைக் கொல்கிறாள், எல்லாம் சரி. எங்களுக்கு இவள் கைலாசத்தில் அந்த ஏழையோடு குடித்தனம் நடத்துகிற உமா. ஐந்து நாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்." ஆகமனி என்று ஒருவகைப் பாட்டு இங்கே உண்டு. உமாவின் தாய் மேனகை, பெண்ணை எப்போது அழைத்து வருவாய் என்று கணவனான மலையரசனிடம் மன்றாடுகிற பாட்டுகள். அதில் ஒன்றை மாஷிமா உதட்டுக்குள் முனகினார். வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆடி மாதம் பெண்ணை அழைத்துவர வண்டி கட்டச் சொல்லி என் அம்மா அப்பாவிடம் நச்சரித்த குரல் அது.

இங்கே ஊர் முழுக்கப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்த நாளில் நான் என் பெண் இருக்கிற ஊருக்கு வந்திருந்தேன். அவள் எனக்கு மீனில் முள் பார்த்துத் தருவதுபோல் ஊரைப் பார்த்துப் பார்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மாஷிமாவிடம் மகள் "ஆஷ்சி" என்றாள். 'வருகிறேன்' என்று அர்த்தமாம். 'போகிறேன்' என்று இங்கே சொல்ல மாட்டார்கள். நாமும் சொல்ல மாட்டோம். நானும் "ஆஷ்சி" என்றேன். அந்த ஊர் மொழியில் நான் பேசிய முதல் வார்த்தை.

சோபாபஜார் ராஜ்பாரி வழியாக நடந்தோம். பிளாசிப் போர் நடந்த 1757-ல் நவகிருஷ்ண தேவ் பூஜை தொடங்கிய வீடு. வளைவு வளைவாகத் தூண்கள் நிற்கிற முற்றத்து மண்டபத்தில் தேவி. தசமி அன்று தேவி புறப்படுவதைக் கைலாசத்தில் சிவனிடம் முன்கூட்டிச் சொல்ல இங்கிருந்து நீலகண்டப் பறவையைப் பறக்கவிடுகிற வழக்கம் இருந்தது. நம் பனங்காடைதான் அந்தப் பறவை. பிடித்து அடைப்பது சட்டப்படி தவறு என்றான பிறகு களிமண்ணில் பறவை செய்கிறார்கள். அதீன் பந்தோபாத்யாய எழுதி, கல்கத்தாவிலேயே வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கிய 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலை இருபத்தைந்து வயதில் படித்தவன் நான். அந்தத் தலைப்பின் பறவை வயல் தந்திக்கம்பியில் தினமும் நான் பார்க்கிற பனங்காடை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தெருமுனைப் பத்திரிகைக் கடையில் பூஜை மலர்கள் அடுக்கியிருந்தன. நம் தீபாவளி மலர்போல, ஆனால் அதைவிடத் தடிமன். ஒரே இதழில் முழு நாவல்களே பல வரும். சத்யஜித் ராயின் துப்பறியும் ஃபெலுதா கதைகளில் பல, 'தேஷ்' பத்திரிகையின் பூஜை மலரில் வந்தவை. எழுத்துத் தெரியாத மொழியில் ஒரு மலரை வாங்கிக்கொண்டேன். புது மையின் வாசனை எல்லா மொழியிலும் ஒன்றுதான். தீபாவளி மலருக்காக அண்ணனோடு சண்டை போட்ட வீட்டில் வளர்ந்தவனுக்கு அதை விட்டுவிட்டு வர மனம் இல்லை.

சாயங்காலம் மெட்ரோ ஏறித் தெற்கே போனோம். இந்தியாவின் முதல் மெட்ரோ இது, 1984 அக்டோபர் 24-ல் ஓட ஆரம்பித்தது. அன்றைக்கு மூச்சு விட இடமில்லை. புதுச் சட்டை, புதுச் செருப்பு, மல்லிகைக்குப் பதில் அத்தர் வாசனை. காளிகாட்டில் இறங்கியதும் மனிதர்களும் விளக்கும் ஓர் ஆறுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறு ஒவ்வொரு பந்தலாக நுழைந்து வெளியே வந்தது. பந்தல்களைப் பற்றி எழுதினால் முடியாது. மூங்கில், துணி, சணல், பித்தளை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு ஒரு மாதம் கட்டி, ஐந்தாறு நாளில் பிரித்துவிடுகிறார்கள். கல்கத்தாவின் துர்கா பூஜையை யுனெஸ்கோ 2021 டிசம்பரில் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சரிதான். எனக்கு மனதில் நின்றது என்னவோ புச்கா. ஈயக் குண்டானுக்குப் பின்னால் நிற்பவர் பொரித்த சின்னப் பூரியைக் கட்டைவிரலால் உடைத்து, காரம் போட்ட உருளைக்கிழங்கை அடைத்து, புளித்தண்ணீரில் முக்கி நம் கையிலிருக்கும் இலைக் கிண்ணத்தில் வைக்கிறார். அடுத்ததை அவர் நீட்டுவதற்குள் முதலாவது வாயில் போயிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வர, நானும் மகளும் போட்டி போட்டுத் தின்றோம். அவள் எட்டு வயதில் சிரித்த சிரிப்பைப் பார்த்தேன்.

லேக் மார்க்கெட் பக்கம் திரும்பியதும் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை. அடுத்த திருப்பத்தில் தமிழ். இந்தப் பகுதி பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் இடம். வாழை இலை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம் எல்லாம் கிடைக்கும். மகளுக்குத் தெரிந்த ஒரு மாமி வீட்டில் கொலு. தாத்தா காலத்தில் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம்.

"வாங்கோ, வாங்கோ. இன்னைக்கு சரஸ்வதி ஆவாஹனம். சரியான நாள்ல வந்திருக்கேள்" என்றார்.

ஒன்பது படி. மரப்பாச்சி, தசாவதாரம், செட்டியார் பொம்மை. நடுவே விரல் உயரத்தில் சில பொம்மைகள். டாக் அடிப்பவர், மீன் விற்கிறவள், கசங்கிய வேட்டி கட்டிய ஒரு கிழவர். கிழவரின் கழுத்து நரம்புகூடத் தெரிந்தது. கிருஷ்ணநகர் மண் பொம்மைகள் என்றார் மாமி. அவருடைய மாமியார் வருடத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்தவை. டாக் அடிப்பவரை மரப்பாச்சி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு மேளம் வேண்டாமா? கடலைச் சுண்டலை வாங்கி வாயில் போட்டேன். தாளிப்பில் கடுகு எண்ணெய் மணம். மாமி அதைக் கவனித்துவிட்டார். "எங்காத்துச் சுண்டல் இப்படித்தான் ஆயிடுத்து" என்றார். இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அன்று இரவு முழுக்க மெட்ரோ உண்டு. பாக்பஜாரில் இன்னும் டாக் ஓயவில்லை. வாழைப்பெண் முக்காட்டோடு பிள்ளையார் பக்கத்தில் நின்றிருந்தாள். காலையில் கட்டிய புடவை லேசாகக் கசங்கியிருந்தது. இரண்டு சிறுவர்கள் அவள் காலடியில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். இருட்டில் எங்கோ ஷியூலி மலர ஆரம்பித்திருந்தது. வாசனை மட்டும் வந்தது.

போன் அடித்தது. மாயவரத்திலிருந்து மகளின் அம்மா.

"தூங்கலியா நீ?" என்றேன்.

"எங்க தூங்கறது. சாயங்காலத்திலேர்ந்து பிடிச்சிக்கிட்டு ஊத்துது. மாடியில காயப்போட்டதையெல்லாம் எடுத்து வச்சேன். வயல்ல தண்ணி நிக்குது, நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு அங்க மழை இல்லையா?"

நிமிர்ந்து பார்த்தேன். பந்தல் விளக்குகளுக்கு மேலே ஒரு மேகம் இல்லை.

"இங்க விட்டாச்சு" என்றேன்.

மகள் என் கையிலிருந்து போனை வாங்கி, "அம்மா, இதைக் கேளேன்" என்று டாக் அடிப்பவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தாள். சற்று நேரம் பிடித்துவிட்டுத் தன் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு எதுவும் பேசாமல் என் காதில் வைத்தாள். அங்கே அம்மாவும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறாள். ஓட்டின்மேல் மழை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.